ஒரு சொல்லைத் தேடப் போய் ஒரு மதியத்தைத் தொலைக்காமல் இருக்க

தண்ணீர் பம்ப் ஒன்றின் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் அத்தியாயம், பம்பைக் கழற்றி மாட்டும் பகுதி. ‘கேஸ்கெட்’ என்ற சொல் வந்தது; இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் கசியாமல் இருக்க வைக்கும் அடைப்பு அது. அப்படியே எழுதுவதா, தமிழில் ஏதாவது போடுவதா என்று சந்தேகம். பிரவுசரைத் திறந்து தேடினேன். முடிவுகளுக்கு நடுவே கேஸ்கெட் மாற்றுவதைக் காட்டும் வீடியோ ஒன்று இருந்தது. பார்த்தால் பிரயோஜனமாக இருக்குமே என்று தோன்றியது; இருக்கவும் செய்தது. அது முடிந்ததும் பக்கத்தில் இன்னொன்று: கடலுக்கு நடுவே பாறை மேல் கலங்கரை விளக்கம் கட்டியது எப்படி. இரண்டேகால் மணிக்குச் சொல்லைத் தேடப் போனவன், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபோது மணி நான்கு ஆகப் போகிறது. கலங்கரை விளக்கமும் பாதியில் நிற்கிறது, கேஸ்கெட்டும் பாதியில் நிற்கிறது.

வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. இயந்திரக் கையேடுகள், பாதுகாப்புக் குறிப்புகள், சில சமயம் மென்பொருள் திரைகளில் வரும் வாசகங்கள் ஆகியவற்றை மொழிபெயர்ப்பதுதான் தொழில். கவனம் சிதறுகிறது என்று யாரிடம் சொன்னாலும் எனக்குக் கிடைத்த யோசனை ஒன்றுதான்: சமூக வலைத்தளங்களைப் பூட்டு. பூட்டியும் பார்த்தேன். பூட்டிய தளங்களுக்கு நான் நேராகப் போனதே அபூர்வம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் வேலையின் வாசல் வழியாகத்தான் வெளியே போயிருக்கிறேன். அகராதி பார்க்க, வாடிக்கையாளர் மெயில் அனுப்பினாரா என்று பார்க்க, ஒரு ஓடிபி எடுக்க. எந்த வாசல் என்று தெரியாமல் தெருவிலுள்ள கதவையெல்லாம் பூட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அதனால், எந்த செயலியைப் போடலாம் என்று யோசிக்கும் முன் உங்கள் வாசல் எது என்று பாருங்கள்.

ஐந்து நாள் கோடு போடுங்கள்

கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதமும் பேனாவும் வையுங்கள். காகிதம்தான் வேண்டும், குறிப்பு எழுதும் செயலி என்றால் அதைத் திறப்பதே இன்னொரு வெளிநடப்பாகிவிடும். வேலையை விட்டு மனம் எங்கேயோ போய்விட்டது என்று தெரிந்ததும் ஒரு கோடு, பக்கத்தில் நேரம், அதற்குப் பக்கத்தில் நாலு சொல். அந்த நாலு சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. எங்கே போனீர்கள் என்று எழுத வேண்டாம். போவதற்குச் சற்று முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதுங்கள்.

முதல் நாள் நான் இதைத் தப்பாகச் செய்தேன். ‘கிரிக்கெட் ஸ்கோர்’, ‘செய்தி’, ‘வாட்ஸ்அப்’ என்று போன இடத்தையே எழுதிவைத்தேன். பார்த்தால் வெறும் குற்றப்பத்திரிகை மாதிரி இருந்தது. அதிலிருந்து செய்ய வேண்டியது எதுவும் கிடைக்கவில்லை. இரண்டாம் நாளிலிருந்து முந்தைய கணத்தை எழுதினேன். ‘சொல் தேடல்.’ ‘நாலு வரி நீள வாக்கியம்.’ ‘பிடிஎஃப் ஏறுகிறது.’ ‘ஒரு பகுதி முடிந்தது, அடுத்தது ஆரம்பிக்கவில்லை.’ ‘ஓடிபி.’ ஐந்தாம் நாள் மாலை பார்த்தபோது முக்கால்வாசிக் கோடுகள் இந்த ஐந்துக்குள் அடங்கிவிட்டன. வெளியிலிருந்து வந்த தொந்தரவு, அதாவது அழைப்பு மணி, பிள்ளையின் கேள்வி, போன் அழைப்பு எல்லாம் சேர்த்தும் மீதிக் கால்வாசிதான்.

க்ளோரியா மார்க் என்ற ஆய்வாளர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பல வருடங்களாக இதை அளந்துவந்தவர். 2004-இல் அவர் அளந்தபோது, அலுவலகத்தில் இருப்பவர்களின் கவனம் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்றது. பிந்தைய அளவீடுகளில் அது 47 விநாடியாகக் குறைந்திருந்தது. இந்த 47 விநாடியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு உறைத்தது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு: குறுக்கீடுகளில் கிட்டத்தட்டப் பாதி, நம்மை நாமே குறுக்கிட்டுக்கொள்வது. (இதையெல்லாம் நான் படித்ததும் வேலை நேரத்தில்தான். அந்தக் கோட்டுக்கு முன்னால் எழுதியிருந்தது: ‘நீள வாக்கியம்.’)

உங்கள் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். கணக்கு பார்ப்பவருக்கு ஒரு தொகை பொருந்தாத இடம் வாசலாக இருக்கலாம். நிரல் எழுதுபவருக்கு டெஸ்ட் ஓடும் அந்த நாற்பது விநாடி. எதுவானாலும் சரி, கையில் பட்டியல் வந்த பிறகு மேலே படித்தால் போதும்.

தேடல்

இதில்தான் நான் அதிகம் தொலைத்தேன், அதனால் இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லவும் இருக்கிறது.

தெரியாத ஒன்று வந்தால் உடனே தேடாதீர்கள். அந்த இடத்தில் ஒரு அடையாளம் போட்டுவிட்டு மேலே போங்கள். நான் இரண்டு ‘அட்’ குறி போடுவேன்: @@கேஸ்கெட். சாதாரண எழுத்தில் வராத குறியாக இருந்தால் போதும், பிறகு ஒரே தேடலில் எல்லாவற்றையும் பிடித்துவிடலாம். ஒரு பகுதி முடிந்ததும், அல்லது ஒரு மணி நேரம் ஆனதும், சேர்ந்திருக்கும் குறிகளுக்கெல்லாம் ஒன்றாக விடை தேடுங்கள். எட்டுச் சொல் சேர்ந்திருக்கும்போது ஒன்றில் லயித்துப்போக மனம் வராது. மீதி ஏழும் வரிசையில் நிற்கும்.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்றும் உண்டு. குறி போட்டு வைத்ததில் பாதிக்கு, மேலே படிக்கும்போதே விடை கிடைத்துவிடுகிறது. அந்தக் கேஸ்கெட் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் அனுப்பிய கோப்புகளிலேயே உதிரிபாகப் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் ‘கேஸ்கெட்’ என்று தமிழ் எழுத்திலேயே போட்டு, இதையே பயன்படுத்தவும் என்று குறிப்பும் இருந்தது. கலங்கரை விளக்கம்வரை போய்த் தேடியது என் கணினியிலேயே கிடந்திருக்கிறது.

அடுத்தது, தேடும் இடத்தைச் சுத்தப்படுத்துவது. வேலைக்கென்று பிரவுசரில் தனி ப்ரொஃபைல் ஒன்று உருவாக்குங்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் இந்த வசதி இருக்கிறது. அந்த ப்ரொஃபைலில் உங்கள் சொந்தக் கணக்கு எதிலும் நுழைய வேண்டாம். சேமித்த பாஸ்வேர்டும் வேண்டாம். புதிய டேப் வெற்றுத் திரையாகத் திறக்கும்படி அமையுங்கள். சும்மா திறக்கும் புதிய டேப்பில் செய்தித் தலைப்புகள் வரிசையாக வந்து நிற்பதைப் போல ஒரு அநியாயம் கிடையாது. தேட வந்தது என்னவென்றே மறந்துபோகும். சொந்த வேலைக்கு இன்னொரு ப்ரொஃபைல், வேறு நிறத்தில். ஜன்னலின் நிறத்தைப் பார்த்ததுமே இப்போது எந்த அறையில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

யூடியூபை முழுக்கத் தடுக்க என்னால் முடியாது; இயந்திரம் ஓடுவதைப் பார்த்தால்தான் சில வாக்கியங்கள் புரியும். அதற்கு ஒரு வழி உண்டு. கூகுள் கணக்கின் அமைப்புகளில் யூடியூப் ஹிஸ்டரியை நிறுத்திவிட்டு, பழைய ஹிஸ்டரியையும் அழித்துவிடுங்கள். 2023-லிருந்து, பார்த்ததன் பதிவு இல்லாதவர்களுக்கு யூடியூபின் முகப்புப் பக்கம் சிபாரிசு எதுவும் இல்லாமல் கிட்டத்தட்டக் காலியாகத்தான் வருகிறது. தேடும் பெட்டி மட்டும் இருக்கும். வீடியோவுக்குப் பக்கத்தில் வரும் பரிந்துரைகள் அப்போதும் வரும். அவற்றை மறைக்கும் சிறு எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் துணைச் செயலிகள், கிடைக்கின்றன. அல்லது வீடியோவை முழுத்திரையில் வைத்து, ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். நான் செய்வது இரண்டாவது.

அகராதிக்காக இணையத்துக்குப் போவதையே குறைக்கவும் முடியும். கோல்டன்டிக்ட் போன்ற மென்பொருள்களில் அகராதிகளை இறக்கிவைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே வேலை செய்யும். கிவிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, விக்கிப்பீடியாவையே கணினியில் இறக்கிவைத்துப் படிக்கலாம். வைஃபையை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் மொழிபெயர்ப்பது எப்படி இருக்கிறது என்று இதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். காலையில் அப்படி ஒரு மணி நேரம் கிடைத்தால் அன்றைய வேலையில் மூன்றில் ஒரு பங்கு முடிந்த மாதிரி.

தடுப்பு மென்பொருள்களில் எனக்குப் பிடித்தது லீச்பிளாக் என்ற இலவச எக்ஸ்டென்ஷன். தளத்தை ஒரேயடியாக மூடவும் அதில் வழி உண்டு. நான் பயன்படுத்துவது காத்திருக்க வைக்கும் அமைப்பை. குறிப்பிட்ட தளத்துக்குப் போனால் இத்தனை விநாடி பொறு என்று எண்ணிக்காட்டும் ஒரு பக்கம் வரும். அதன் பிறகு தளம் திறக்கும். நான் முப்பது விநாடி வைத்திருக்கிறேன். உண்மையாகவே தேவைப்பட்டால் முப்பது விநாடி பெரிதில்லை. தேவை இல்லாவிட்டால் பத்தாவது விநாடியிலேயே எதற்கு வந்தோம் என்று கூச்சமாக இருக்கும். முழுத்தடை போட்ட காலத்தில் அதை உடைப்பதே ஒரு வேலையாகிப் போனது. எந்தத் தளத்தின் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் தளங்களின் பெயரை எழுதி மொத்தமாக முடக்கினேன் ஒருமுறை. எழுதத் தெரிந்தவனுக்கு அழிக்கத் தெரியாதா? அன்று மாலையே நான்கு வரியையும் அழித்துவிட்டேன்.

கஷ்டமான இடம்

இரண்டாவது வாசல் இதைவிடப் பொல்லாதது, ஏனென்றால் இதற்கு இணையமே காரணமில்லை. வேலை கடினமாகும் இடம் வந்ததும் கை தானாக வேறு டேப்புக்குப் போகிறது. நாலு வரிக்கு நீளும் ஒரு ஆங்கில வாக்கியம், அதற்குள் மூன்று நிபந்தனைகள், நடுவில் ஒரு எச்சரிக்கை. அதைப் பார்த்ததும் எனக்கு உடனே மெயில் பார்க்க வேண்டும் போலிருக்கும். மெயில் முக்கியம் என்பதால் எழும் ஆசை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அந்த வாக்கியத்தைவிட்டு ஓடும் ஆசைதான் அது.

அந்த நேரத்தில் ‘கவனமாக இரு’ என்று மனதுக்குச் சொல்வது உதவாது. கைக்கு ஏதாவது ஒரு குறிப்பிட்ட வேலையைக் கொடுக்க வேண்டும், அதுவும் முன்கூட்டியே தீர்மானித்ததாக. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் இருந்து இதை ஆராய்ந்திருக்கிறார்: ‘இனி ஒழுங்காகச் செய்வேன்’ என்ற பொதுவான தீர்மானத்தைவிட, ‘இன்னது வந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று முடிச்சுப் போட்ட தீர்மானம் அதிகம் நிறைவேறுகிறது. என் முடிச்சு இது: நீள வாக்கியம் வந்தால், அதை வாய்விட்டுப் படித்து, முதல் துண்டை மட்டும் எவ்வளவு மோசமான தமிழிலாவது தட்டிவிடுவேன். ‘பம்பு ஓடுது அப்ப மூடியைத் தொடாதே’ என்பது போல. அச்சுக்குப் போகும் தமிழ் இல்லை அது. ஆனால் திரையில் ஒரு வரி வந்துவிட்டால் அதைத் திருத்தக் கை துடிக்கும். திருத்த ஆரம்பித்தால் வேலை நடந்துகொண்டிருக்கும்.

உங்கள் ஐந்து நாள் பட்டியலில் அடிக்கடி வந்த முதல் இரண்டு வாசலுக்கு மட்டும் இப்படி ஒரு வரி எழுதி மானிட்டரின் விளிம்பில் ஒட்டுங்கள். பத்து வரி எழுதினால் ஒன்றும் நிற்காது. கணக்கு பார்ப்பவர் இப்படி எழுதலாம்: ‘தொகை பொருந்தவில்லை என்றால், கடைசியாகப் பொருந்திய வரியைக் காகிதத்தில் எழுதுவேன்.’ நிரல் எழுதுபவர்: ‘டெஸ்ட் ஓடினால், கையை மடியில் வைத்துக்கொண்டு அது ஓடுவதையே பார்ப்பேன்.’ இந்த இரண்டாவதைச் சொன்னால் சிரிப்பார்கள். காத்திருக்கும் நேரத்தில் எதுவும் செய்யாமல் இருப்பது இன்றைக்கு எவ்வளவு கடினம் என்று செய்து பார்த்தால் தெரியும். கோப்பு ஏறும் இருபது விநாடியில் நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறேன், அவ்வளவுதான். அதற்கென்று நுட்பம் ஏதும் இல்லை.

போன்

போனை வேறு அறையில் வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வார்டும் சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், போனை மேசையில் வைத்திருந்தவர்களைவிட, அது அணைந்தோ கவிழ்ந்தோ கிடந்தாலும்கூட, வேறு அறையில் வைத்தவர்கள் சில சிந்தனைச் சோதனைகளில் சற்று மேலாகச் செய்தார்கள். பிறகு அதே சோதனையைச் செய்துபார்த்த எல்லோருக்கும் அதே விடை கிடைக்கவில்லை. எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை. போன் கை எட்டும் தூரத்தில் இருந்தால் எடுக்கிறேன், எழுந்து போக வேண்டியிருந்தால் சோம்பலில் விட்டுவிடுகிறேன். என் சோம்பலை நான் முழுதாக நம்புகிறேன்.

சரி, அவசர அழைப்பு வந்தால்? டூ நாட் டிஸ்டர்ப் போடுங்கள், ஆனால் இரண்டு விதிவிலக்கோடு. வீட்டு மனிதர்கள் மூன்று நாலு பேரின் அழைப்பு மட்டும் ஒலிக்கட்டும். மற்றது, ஒரே எண்ணிலிருந்து திரும்ப வரும் அழைப்பு. ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள்ளும் ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள்ளும் அதே ஆள் மறுபடி அழைத்தால் மணி அடிக்கும்படி வைக்கலாம். நெருங்கியவர்களிடம் சொல்லிவையுங்கள்: ‘அவசரம்னா ரெண்டு தடவை கூப்பிடுங்க.’ ஒன்பது வருடத்தில் இது எனக்கு ஒருமுறைகூடத் தவறியதில்லை.

போனைத் தள்ளிவைப்பவர்கள் மறந்துபோகும் ஒரு சங்கதி ஓடிபி. காலை பத்தரைக்கு வாடிக்கையாளரின் தளத்தில் நுழைய வேண்டும், ஓடிபி போனுக்கு வருகிறது, போனை எடுக்கிறீர்கள், திரையில் பதினேழு அறிவிப்பு. ஓடிபியைத் தட்டிவிட்டு மீதியையெல்லாம் பார்க்காமல் வைக்கும் மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இதற்கு நான் செய்தது: நுழைய வேண்டிய தளங்களிலெல்லாம் வேலை தொடங்கும் முன்பே நுழைந்துவிடுவது, ‘இந்தச் சாதனத்தை நினைவில் வை’ என்று கேட்கும் இடத்தில், அது என் சொந்தக் கணினி என்பதால், சரி சொல்வது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கணினியிலேயே செய்ய வழி இருக்கும் இடங்களில் அதற்கு மாறிக்கொள்வது. இதன் பிறகு போன் அடுத்த அறையில் நிம்மதியாகக் கிடக்கிறது.

வாட்ஸ்அப்பைக் கணினியில் திறந்துவைத்தால் போனைத் தள்ளிவைத்ததில் அர்த்தமில்லை. அந்த டேப்பின் தலைப்பில் ஏறிக்கொண்டே போகும் எண் இருக்கிறதே, அதற்குக் கண்ணை இழுக்கும் சக்தி அதிகம். டேப்பை மூடுங்கள். குழுக்களை ‘எப்போதும்’ என்று மியூட் செய்து ஆர்க்கைவில் போடுங்கள். முன்பெல்லாம் புதுச் செய்தி வந்தால் குழு மறுபடி மேலே ஏறி வரும், 2021-லிருந்து அது அங்கேயே இருக்கும்படி வைக்கலாம். குடும்பக் குழுவை மியூட் செய்தால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். மியூட் செய்தது அவர்களுக்குத் தெரியாது.

எல்லா அறிவிப்பையும் அடியோடு நிறுத்தலாமா என்றால், நான் நிறுத்திப் பார்த்துப் பதற்றப்பட்டவன். ஏதோ நடந்து எனக்குத் தெரியாமல் போய்விட்டதோ என்று அரை மணிக்கொருமுறை நானே போய்ப் பார்த்தேன். 2019-இல் வெளியான ஓர் ஆய்விலும் இப்படித்தான் தெரிந்தது: அறிவிப்புகளை நாளுக்கு மூன்று முறை மொத்தமாகப் பெற்றவர்களுக்குக் கவனமும் மனநிலையும் மேம்பட்டன, ஒன்றுமே வராதபடி நிறுத்தியவர்களுக்குப் பதற்றம் கூடியது. ஆக, நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பதினொன்று, இரண்டு, ஐந்தரை. ஐபோனில் அறிவிப்புகளைச் சேர்த்துக் குறித்த நேரத்தில் தரும் வசதி உள்ளேயே இருக்கிறது. மற்றவர்கள் போனை அந்த நேரத்தில் போய் எடுத்தால் போதும்.

மெயிலுக்கும் அதே மூன்று நேரம். இதை வேலை கொடுப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் காணாமல் போனதாக நினைப்பார்கள். நான் அனுப்புவது இரண்டு வரி: ‘பதினொரு மணி, இரண்டு மணி, ஐந்தரை மணிக்கு மெயில் பார்ப்பேன். அதற்குள் பதில் வேண்டுமென்றால் போனில் அழையுங்கள்.’ அழைக்கலாம் என்று சொன்ன பிறகும் அழைப்பவர்கள் மிகக் குறைவு. ‘அவசரம்’ என்று தலைப்பிட்டு மெயில் அனுப்பும் ஒருவர் மட்டும் மூன்று மாதம் கோபமாக இருந்தார். அப்புறம் அவரும் இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பாக அனுப்பப் பழகிக்கொண்டார்.

எழுந்து போகும் முன் ஒரு வரி

என்ன செய்தாலும் சில குறுக்கீடுகள் வரத்தான் செய்யும். அழைப்பு மணி அடிக்கும். பள்ளியிலிருந்து பிள்ளை வரும். திரும்பி வந்து உட்காரும்போது எங்கே விட்டோம் என்று தேடும் அந்தச் சில நிமிடங்கள் வெறுமையாக இருக்கும். வெறுமையாக இருந்தால் கை டேப்புக்குப் போகும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார். பாதியில் விட்ட வேலை, அடுத்த வேலைக்குப் போன பிறகும் கவனத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அந்த மிச்சத்துக்குத்தான் ‘கவன மிச்சம்’ (attention residue) என்று அவர் பெயர் வைத்தார். பின்னால் அவரே அதற்கு ஒரு பரிகாரமும் ஆராய்ந்தார்: விட்டுப்போகும் முன், எங்கே நிற்கிறோம், திரும்பி வந்து முதலில் என்ன செய்யப் போகிறோம் என்று சுருக்கமாகக் குறித்துவைப்பது.

எனக்கு இது எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது. எழுவதற்கு முன் கோடு போடும் அதே காகிதத்தில் ஒரு வரி: ‘4.3 வால்வு. முதலில் மின்சாரம் நிறுத்துவதைச் சொல், அப்புறம் திருகு.’ ‘தொடர வேண்டும்’ என்று எழுதினால் பயனில்லை. வந்ததும் கை செய்ய வேண்டிய அடுத்த அசைவை எழுத வேண்டும். வாசலில் மணி அடித்துக்கொண்டிருந்தாலும் பத்து விநாடி எடுத்து எழுதிவிட்டுத்தான் எழுவேன். மாலையில் வேலை முடிக்கும்போதும் இதேதான். முடிந்தால் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விடுவேன். மறுநாள் காலையில் வெள்ளைத் திரையைப் பார்த்து உட்காருவதைவிட, பாதி வாக்கியத்தை முடிப்பது சுலபம்.

வீட்டில் இருப்பவர்களிடம் ‘வேலையா இருக்கேன்’ என்று சொல்வதால் ஒன்றும் நடக்காது. அதற்கு முடிவு இல்லை, அதனால் பிள்ளைக்கு அதில் நம்பிக்கையும் இல்லை. ‘பெரிய முள் ஆறுக்கு வந்ததும் வெளியே வருவேன்’ என்று சொன்னால் காத்திருக்கிறது. ஒரே நிபந்தனை, ஆறுக்கு வந்ததும் எழுந்து போய்விட வேண்டும். இரண்டு முறை ஏமாற்றினால் மூன்றாவது முறை கதவு தட்டப்படும், நியாயம்தான்.

ஓய்வு

தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து 1980-களின் இறுதியில் ஃபிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலிய மாணவர் தொடங்கிய பொமோடோரோ முறை பிரபலம்: இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு. சிலருக்கு நன்றாகப் பொருந்துகிறது. எனக்கு வாக்கியத்தின் நடுவில் மணி அடித்துத் தொல்லையாக இருந்தது. இப்போது கையேட்டின் ஒரு உட்பிரிவு முடியும்வரை என்று வைத்திருக்கிறேன்.

நேர அளவைவிட ஓய்வில் என்ன செய்கிறோம் என்பது முக்கியம். முடிவு இல்லாத எதையும் ஓய்வில் எடுக்காதீர்கள். கீழே கீழே தள்ளிக்கொண்டே போகும் ஸ்க்ரோலை 2006-இல் ஏசா ராஸ்கின் என்பவர் வடிவமைத்தார். அப்படிச் செய்ததற்காகப் பிற்பாடு வருந்தியும் பேசியிருக்கிறார். முன்பு பக்கம் முடியும், ‘அடுத்து’ என்று அழுத்த வேண்டும், அந்த இடத்தில் நிறுத்த ஒரு வாய்ப்பு இருந்தது. இப்போது அது இல்லை. அதனால் ஐந்து நிமிட ஓய்வுக்குத் தானாக முடியும் வேலையாக எடுங்கள். செடிகளுக்குத் தண்ணீர், துணி மடிப்பது, இரண்டு பாத்திரம் தேய்ப்பது. தொட்டிகள் தீர்ந்தால் தண்ணீர் ஊற்றுவதும் தீர்ந்துவிடும்.

எனக்குப் பலன் தராதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கவனமாக இருந்தால் மரம் வளரும் செயலி: மரம் வளர்ந்ததா என்று பார்க்கப் போனை எடுத்தேன். திரையைக் கறுப்பு வெள்ளையாக்குவது: ஒரு வாரம் உதவியது, பிறகு கண் பழகிவிட்டது. பின்னணி இசை: பாட்டு மாற்றுவது ஆறாவது வாசலாக ஆனது. விலை கொடுத்து வாங்கிய இரண்டு மென்பொருள்களைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

நழுவிப் போன நாளில் என்ன செய்வது? போன மாதம்கூட ஒரு மணி நேரம் போனது. தெரிந்த அந்தக் கணத்தில் டேப்பை மூடுங்கள், கோடு போடுங்கள், முந்தைய கணத்தை எழுதுங்கள், காகிதத்தில் இருக்கும் கடைசி வரியைப் படித்து அந்த அசைவைச் செய்யுங்கள். ‘இன்னைக்கு நாள் போச்சு, நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்ற எண்ணம் வருகிறதே, அந்த ஒரு மணி நேரத்தைவிட அதிகம் தின்பது அதுதான்.

காகிதத்தின் பின்பக்கத்தில் இன்னொரு பட்டியல் வைத்திருக்கிறேன், தலைப்பு ‘அப்புறம்’. வேலை நடுவில் பார்க்க ஆசைப்பட்டதெல்லாம் அங்கே போகும். சனிக்கிழமை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றை எதற்கு எழுதினேன் என்றே தெரியாது, அடித்துவிடுவேன். கலங்கரை விளக்கத்தை மட்டும் அடிக்கவில்லை. மீதியைச் சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அலை வந்து வேலையை அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, ஒவ்வொரு கல்லையும் அடுத்த கல்லோடு கோர்த்துப் பூட்டும்படி செதுக்கியிருக்கிறார்கள்.